எங்கே சேமிக்க?

ஒரு மனிதனின் யோக்கியதையைத் தெரிந்துகொள்ள அவன் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் போதும் என்பது என் கட்சி. ஜாதகம் வேண்டாம், கைரேகை வேண்டாம். பத்து வருடத்துக்கு முந்தைய கரண்ட் பில்லும், மச்சினன் கல்யாண வீடியோவும், 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'இதுதான் ஃபைனல்' என்று மூன்று கோப்புகளும் ஒரே குப்பையில் கிடந்தால் அந்த ஆளை நம்பி ஒரு குடையைக்கூடக் கொடுக்க மாட்டேன். என் மனைவி இதனாலேயே தன் லேப்டாப்பை என் கண்ணில் காட்டுவதில்லை.

இந்தக் குணத்தை வைத்துத்தான் எனக்குச் சோறு. நான் மனப்பிரதி எடுக்கிறவன். ஒருவர் தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் வந்து சேருகிற கோப்புகளை எங்கே வைக்கிறார், எதன் பக்கத்தில் வைக்கிறார், எதைப் பிறகு இடம் மாற்றுகிறார், எதை அழிக்க மனசு வராமல் விடுகிறார் என்கிற தடம் முழுக்கக் கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கும். இருபது முப்பது வருடத் தடத்தைக் கொடுத்தால் எங்கள் இயந்திரம் அந்த மனிதர் யோசிக்கிற விதத்தைத் திரும்பக் கட்டிவிடும். பேச்சையும் எழுத்தையும் வைத்துக் கட்டிப் பார்த்தவர்கள் தோற்றுப்போனார்கள். மனிதர்கள் ஊருக்காகப் பேசுவார்கள், ஊருக்காக எழுதுவார்கள். ஊருக்காக யாரும் ஃபைல் அடுக்குவதில்லை. ஆள் போன பிறகும் அவருடைய புத்தியிடம் யோசனை கேட்கலாம். போன வருடம் ஒரு பெரிய பேராசிரியருக்கு எடுத்தோம். எதைக் கேட்டாலும் "இங்கேதான் எங்கேயோ இருக்கிறது" என்றது. மரியாதையாக மூட்டை கட்டி வைத்துவிட்டோம்.

மஞ்சக்கோம்பை அணையின் செயற்பொறியாளர் பிரிசில்லா எங்களைக் கூப்பிட்டபோது புரட்டாசி பாதி. நாற்பது வயதுக்காரர், அந்த அணைக்கு வந்து ஐந்து மாதம், வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவர்.

"சாட்டிலைட் மேகத்தச் சொல்லிடும், பரிதி. மலைல பேஞ்ச தண்ணி எந்தப் பள்ளத்து வழியா, எத்தன மணிக்கு வந்து சேரும்னு சொல்லாது. பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி வானம் வெளுத்துக் கெடந்த நேரத்துல அப்போ இங்க இன்ஜினியரா இருந்த சென்னியப்பன் சார் ஏழு மதகையும் தெறந்தாரு. பைத்தியம்னு சொன்னாங்க. அஞ்சு மணி நேரத்துல வெள்ளம் வந்துச்சு. கீழ பதினேழு ஊரு. ஒரு உயிர் போகல."

"நீங்களே முடிவெடுக்க முடியாதா மேடம்?"

"எனக்கு முன்னாடி இருந்தவர் எடுத்தாரே. தெறந்தாரு, மழை வரல. நெல்லுக்கு வெச்சிருந்த தண்ணி ஆத்தோட போச்சு. விவசாயிங்க ரோட்டுல உக்காந்தாங்க, அவர் சஸ்பெண்டு. தெறந்தாலும் தப்பு, தெறக்கலன்னாலும் தப்பு. எனக்கு சென்னியப்பன் சார் வேணும்."

சென்னியப்பன் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அணையிலிருந்து ஆறு கிலோமீட்டரில் சொந்த வீடு. மனைவி கோகிலவாணி, ஐம்பத்தெட்டு வயது, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். கூடத்து ஜன்னலோரம் கம்ப்யூட்டர் இருந்தது. நான் கருவிகளைப் பிரிப்பதையே அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இத எடுத்துட்டுப் போயிருவீங்களா தம்பி?"

"இல்லீங்கம்மா, இங்கதான் இருக்கும். பிரதி எடுத்ததும் நெட்டைத் துண்டிச்சு சீல் வெச்சுருவேன். ஒரு வருஷத்துக்கு யாரும் தொடக்கூடாது. அது சட்டம்."

"தொடோணுமேங்க."

"எதுக்கும்மா?"

அவர் சுவரில் இருந்த கணவர் படத்தைப் பார்த்தார். "இல்லீங்க... எதாச்சும் வந்துட்டே இருக்கும். வர்றத எடுத்து வெக்கோணுமல்லங்க."

"ஒரு ஃபைல் இடம் மாறினாலும் சாரோட யோசனை கலைஞ்சுரும்மா. போட்டோ எதுவும் வேணும்னா பென்டிரைவ்ல போட்டுத் தர்றேன்."

"போட்டோ வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். துக்கத்தில் இருக்கிறவர் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தி அன்றைக்கு அவ்வளவுதான்.

கம்ப்யூட்டரைத் திறந்தேன். டவுன்லோட்ஸ் ஃபோல்டர் காலியாக இருந்தது. இருபது வருட உத்தியோகத்தில் காலி டவுன்லோட்ஸை நான் பார்த்ததே இல்லை. ஏதோ கோளாறு என்று நினைத்து செட்டிங்ஸுக்குள் போனேன். எல்லாரும் அப்படியே விட்டுவிடுகிற அந்தக் கட்டத்தில் இந்த மனிதர் 'ஒவ்வொரு முறையும் எங்கே சேமிக்க என்று கேள்' என்பதைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார். இருபத்தெட்டு வருடமாக, வருகிற ஒவ்வொன்றுக்கும் கம்ப்யூட்டர் கேட்டிருக்கிறது, இவர் பதில் சொல்லியிருக்கிறார். எனக்கு எழுந்து நின்று கும்பிடலாம்போல் இருந்தது.

மீடியா ஃபோல்டரை ஒரு காலத்தில் சி டிரைவிலிருந்து டி டிரைவுக்கு மாற்றியிருந்தார். ஊரில் பாதிப் பேர் இதைக் கத்தரித்து ஒட்டி நாசம் செய்வார்கள். அப்புறம் பாட்டு ஒரு பக்கம், படம் ஒரு பக்கம் என்று வழி தெரியாமல் அலையும். இவர் முறையாக இடத்தை மாற்றச் சொல்லி, நகல் எடுத்து, ஒவ்வொன்றாகத் திறந்து சரிபார்த்து, எட்டு நாள் பொறுத்துப் பழையதை அழித்திருக்கிறார். எட்டு நாள்! நானே இரண்டு நாளுக்கு மேல் பொறுத்ததில்லை.

அதையெல்லாம்விட அடுக்கிய விதம் இருக்கிறதே, அதுதான் என்னைக் கவிழ்த்தது. வீடியோ தனி, பாட்டு தனி, படம் தனி என்று அங்கே எதுவும் இல்லை. பதினோரு ஃபோல்டர்கள். குதிரைப்பள்ளம், கரடிப்பள்ளம், ஊஞ்சப்பள்ளம் என்று, அணைக்குத் தண்ணீர் கொண்டுவருகிற பதினோரு மலை ஓடைகளின் பெயர்கள். வந்தது எதுவானாலும் எந்த ஓடையைச் சேர்ந்ததோ அங்கே போயிருக்கிறது. கரடிப்பள்ளத்துக்குள் மழை அளவு அட்டவணைக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண வீடியோவைப் பார்த்ததும், அடடா, இந்த ஒரு இடத்தில் சறுக்கிவிட்டாரே என்று எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். ஓட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளை வீட்டார் ஓடையைத் தாண்ட முடியாமல் அக்கரையில் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். தண்ணீர் எந்தக் கல்லைத் தொட்டு நிற்கிறது என்பது பளிச்சென்று தெரிகிறது. சந்தோஷம் போய் எனக்கு வெட்கமாகிவிட்டது.

மலைக்கிராமத்து நர்ஸ் அனுப்பிய குரல் பதிவு ஒன்று: "இன்னிக்குத் தண்ணி செம்மண்ணா வருதுங்க." பஸ் கண்டக்டர் ஓடும் வண்டியிலிருந்து எடுத்த படங்கள். யாரோ அனுப்பிய தவளைச் சத்தம், நாலு நிமிடம். எல்லாம் அதனதன் ஓடைக்குள், தேதி வரிசையில் இருந்தன. அரசாங்கத்திடம் இல்லாத ஒரு மலையை இந்த மனிதர் தன் வீட்டுக் கூடத்தில் வைத்திருந்தார். நான்கு நாள் அங்கே உட்கார்ந்து பிரதி எடுத்தேன். ஐந்தாம் நாள் நெட்டைத் துண்டித்து, சீல் ஒட்டினேன். கோகிலவாணி அம்மா அந்தச் சிவப்பு ஸ்டிக்கரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மனப்பிரதி பிரமாதமாக வந்தது. பழைய வெள்ள நாட்கள் நாற்பதைக் கொடுத்துப் பரீட்சை வைத்தோம். முப்பத்தொன்பதில் சரியான பதில். பிரிசில்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "சார் திரும்ப வந்துட்டாரு" என்றார். நானும் அப்படித்தான் நம்பினேன். மழைக்காலம் முடியும்வரை அணை விடுதியில் தங்கி அதைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி உத்தரவு வந்தபோது மகிழ்ச்சியாகவே ஒத்துக்கொண்டேன். அந்த மனதோடு இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாமே என்ற ஆசைதான்.

சீல் வைத்து இருபத்திரண்டாம் நாள். காலை ஒன்பது மணிக்கு மலைக்கு மேலே கருமேகம் கூடியிருந்தது. அணைக்கு மேல் நல்ல வெயில். அணையில் முக்கால் கொள்ளளவு. பிரிசில்லா மனப்பிரதியிடம் தானே தட்டச்சு செய்து கேட்டார்: மதகைத் திறக்கலாமா?

திரையில் பதில் வந்தது: "தெரியவில்லை. இருபத்திரண்டு நாட்களாக எதுவும் வந்து சேரவில்லை."

"என்ன பரிதி இது? தினமும் நீர்மட்டம், மழை அளவு எல்லாம் குடுக்கறோமே?"

எனக்குப் பொறி தட்டியது. நர்ஸ், கண்டக்டர், தவளைக்காரர். அவர்கள் அனுப்புவதெல்லாம் அந்த வீட்டுக் கம்ப்யூட்டருக்குத்தான் போகும். அதன் கழுத்தைத்தான் நான் நெறித்துவிட்டு வந்திருந்தேன்.

"மேடம், தப்பு என்னோடது. சீலை உடைச்சு, வந்ததையெல்லாம் இறக்கி எடுத்துட்டு வர்றேன்."

"சட்டம்?"

"அப்புறம் என்னைத் தூக்குல போடட்டும்."

ஜீப்பில் பத்து நிமிடம். கோகிலவாணி அம்மா வாசலிலேயே நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் விளக்கவில்லை. சீலைக் கிழித்து, நெட்டை இணைத்து, உட்கார்ந்தேன். நானூற்றுப் பன்னிரண்டு கோப்புகள் காத்திருந்தன. கம்ப்யூட்டர் முதல் கேள்வியைக் கேட்டது: எங்கே சேமிக்க?

ஏதோ ஒரு வீடியோ. கலங்கல் தண்ணீர், ஒரு மூங்கில் புதர், அனுப்பியவர் பெயர் இல்லை. எந்த ஓடை என்று எனக்கு எப்படித் தெரியும்? தனியாக ஒரு ஃபோல்டர் போட்டு எல்லாவற்றையும் அதில் கொட்டிவிடலாம் என்று கையை வைத்தேன்.

"அப்படிக் கொட்டாதீங்க." பின்னாலிருந்து குரல். "கொட்டுனா அப்பறம் ஒண்ணும் வெளங்காது. சித்தெ தள்ளிக்குங்க தம்பி."

எழுந்தேன். அவர் உட்கார்ந்து கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார்.

"இது ஊஞ்சப்பள்ளம். அந்த மூங்கப்பொதரு பாதி முழுகியிருக்குது பாருங்க." வைத்தார். எங்கே சேமிக்க? "இது நர்சம்மா. குதிரைப்பள்ளம்." எங்கே சேமிக்க? "இது பழசு, முந்தாநேத்து எடுத்தத இன்னிக்கி அனுப்பிருக்கறான், சோம்பேறி." எங்கே சேமிக்க? எங்கே சேமிக்க? கம்ப்யூட்டர் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் ஒரு இடத்தில்கூடத் தயங்கவில்லை. படத்தை முழுதாகப் பார்ப்பதற்குள் கை வைத்துவிடும். சில பதிவுகளை இரண்டு நொடி கேட்டார். ஒரு படத்தைக் கரடிப்பள்ளத்தில் வைத்து, தலையை ஆட்டி, எடுத்துச் சின்னப்பள்ளத்தில் வைத்தார். இருபத்தெட்டு வருடத் தடத்தில் நான் ரசித்து ரசித்துப் பார்த்த அதே கை. எடுத்து மாற்றுகிற அந்த வழக்கம்கூட எனக்கு மனப்பாடம்.

"எத்தன வருஷமாங்கம்மா?" என்றேன்.

"கல்யாணமாயி ரெண்டாம் வருசத்துல இருந்துங்க" என்றார், திரையிலிருந்து கண்ணெடுக்காமல். "அவுரு நாலு பேருகிட்ட நம்பரு குடுத்துட்டு வருவாரு. வர்றத எடுத்து வெக்க அவுருக்குப் பொறுமை இல்ல. நான் வெச்சனுங்க. வெக்க வெக்க மல எனக்குப் புடிபட்டுப்போச்சு. சாயங்காலம் வந்து பக்கத்துல நின்னுட்டு, 'மல என்ன சொல்லுது புள்ள?'ம்பாரு. நான் சொல்லுவேன். போயிச் செய்வாரு."

வீட்டு வரி சென்னியப்பன் பேரில். கரண்ட் அவர் பேரில், கேஸ் அவர் பேரில். கம்ப்யூட்டரும் அவர் பேரில். பயனர்: சென்னியப்பன். எங்கள் இயந்திரம் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டது. இந்த நாட்டில் எந்த வீட்டில் எது யார் பேரில் இருக்கும், யார் கையில் இருக்கும் என்று நன்றாகத் தெரிந்த நானும் எடுத்துக்கொண்டேன். எங்கள் ஆட்கள் பதினோரு பேரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அவர் இறந்த பிறகும் நான்கு மாதம் கோப்புகள் அதனதன் ஓடைக்குப் போய்க்கொண்டிருந்ததைக்கூட யாரும் தேதி பார்த்துக் கவனிக்கவில்லை.

முந்நூறைத் தாண்டும்போது அவர் கை நின்றது.

"குதிரைப்பள்ளமும் ஊஞ்சப்பள்ளமும் ஒண்ணா நெறஞ்சிருக்குது. ரெண்டும் சேந்தா மூணு மணிநேரமுங்க. தெறக்கச் சொல்லுங்க."

பிரிசில்லாவுக்குப் போன் செய்தேன். "மேடம், தெறக்கணும். மூணு மணி நேரத்துல வருது."

"மனப்பிரதி சொல்லுதா?"

"இல்ல..."

"அது தெரியலன்னு சொன்னது பதிவாயிடுச்சு, பரிதி. கலெக்டர் வரைக்கும் போயிருக்கு. இங்க வெயில் அடிக்குது. இப்போ சொல்றது யாரு?"

நான் கோகிலவாணி அம்மாவைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டி, போனின் வாயை என் கையோடு பொத்தினார்.

"என்னையச் சொல்லாதீங்க தம்பி. ஆபீசு சமாச்சாரத்தையெல்லாம் வூட்டுல பொண்டாட்டிகிட்டக் கேட்டாருன்னு ஆயிரும். சாவற வரைக்கும் மனுசன் நல்ல பேரோட இருந்தாரு."

"சொல்லலன்னா அவங்க தெறக்க மாட்டாங்கம்மா."

அவர் திரையைப் பார்த்தார். அடுத்த கோப்பு காத்திருந்தது. பெரியபள்ளத்துப் பாலத்தில் பள்ளிக்கூட வேனை நிறுத்தி யாரோ எடுத்த படம். அதை அதன் இடத்தில் வைத்தார். பிறகு என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"மேடம், நான் சென்னியப்பனோட சம்சாரம் பேசறனுங்க. சொல்றது நாந்தானுங்க. பதினெட்டு வருசத்துக்கு முந்திச் சொன்னதும் நாந்தான். அவுரு கேட்டாரு, தெறந்தாரு. நீங்களும் தெறந்துருங்க."

நான் குனிந்து போனருகே காதைக் கொண்டுபோனேன்.

"எத்தன மதகுங்கம்மா?" என்றார் பிரிசில்லா.

"அஞ்சு போதுமுங்க. போன தடவ மாதிரி ஏழையும் தெறந்தீங்கன்னா கீழ இருக்கற புதுப்பாலம் தாங்காது."

பதினொன்றே முக்காலுக்கு மதகுகள் எழுந்தன. இரண்டே முக்காலுக்கு வெள்ளம் அணைக்கு வந்தது. வந்த தண்ணீருக்கு அணையில் இடம் இருந்தது. கீழே இரண்டு ஊர்களில் வாழைத்தோட்டம் போயிற்று. ஆள் யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அந்த மூன்று மணி நேரமும் கோகிலவாணி அம்மா மிச்சமிருந்த கோப்புகளை இடம் பார்த்து வைத்துக்கொண்டிருந்தார். வேலை இருக்கிறபோது ஜன்னலை எட்டிப் பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை. நான்தான் பத்து தடவை எட்டிப் பார்த்தேன்.

அப்புறம் விசாரணை வந்தது. நாங்கள் எடுத்திருந்தது கோகிலவாணி அம்மாவின் மனதை; சட்டப்படி, உயிரோடு இருக்கிறவரின் மனப்பிரதியை அவர் சம்மதமில்லாமல் வைத்துக்கொள்ள முடியாது. சம்மதக் கடிதத்தை நான்தான் கொண்டுபோனேன். "அழிச்சுருங்க. நாந்தான் இருக்கறனே, அது வேற எதுக்குங்க?" என்றார். அழித்தேன். அணைக்கு அவரை ஆலோசகராகப் போட பிரிசில்லா ஒற்றைக் காலில் நின்று சாதித்தார். எனக்கு ஆறு மாதம் பணியிடை நீக்கம். அது எனக்குத் தகும்.

ஆனால் விசாரணைக் குழு அத்தோடு விடவில்லை. சென்னியப்பன் அலுவல் ரகசியத்தை வீட்டில் வைத்தார், தகுதியில்லாத ஒருவரின் சொல்லை அரசாங்க முடிவாகக் காட்டினார் என்று எழுதி, பதினெட்டு வருடத்துக்கு முந்தைய அந்த வெள்ளத்துக்குப் பிறகு அணை அலுவலகச் சுவரில் அவர் பெயரில் பதித்திருந்த கல்லைப் பெயர்த்து எடுக்கச் சொன்னது. எனக்கு வந்த ஆத்திரத்தில் குழுத் தலைவருக்கு நாலு பக்கக் கடிதம் எழுதினேன். மனைவி சொல்வதைக் கேட்டு, அதற்காகத் தன் உத்தியோகத்தைப் பணயம் வைத்துக் கையெழுத்துப் போட்ட எத்தனை அதிகாரியை உங்களுக்குத் தெரியும் என்று கேட்டிருந்தேன். பதில் வரவில்லை.

தை மாதம், பணியிடை நீக்கத்தில் இருக்கும்போதே, கம்ப்யூட்டரை முறையாகச் சரிசெய்து கொடுக்கப் போனேன். சீலின் பசையைத் துடைத்து, பழுதான ஒரு டிஸ்க்கை மாற்றி, எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்தேன். கடைசியாக ஒரு மரியாதை செய்ய நினைத்தேன்.

"அம்மா, பயனர் பேரை மாத்திரட்டுங்களா? கோகிலவாணின்னு. இனிமே ஆலோசகர் நீங்கதானே. எந்தப் பயலும் தப்பா எடுத்துக்க முடியாது."

அவர் திரையில் இருந்த பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாந் தம்பி, இருக்கட்டும்."

"ஏம்மா? இத்தன வருஷம் உழைச்சது நீங்க."

"செவுத்துல இருந்து எடுத்துப்போட்டாங்க. இங்கயும் எடுத்துட்டா அவுரு எங்கீங்க போவாரு?"

நான் பெயரை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். ஏதோ வந்து விழுந்த சத்தம் கேட்டது. அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.